48 ஆண்டுகள்... பெருமாள் இல்லாத ஊரில் வளர்ந்த குழந்தைகள்!

ஸ்ரீரங்கம் போயிருப்பீர்கள். கோபுரம் கோபுரமாகத் தாண்டி, வரிசையில் நின்று, கருவறை வாசலுக்கு வந்ததும் கண் திண்டாடும். உள்ளே பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளைச் சேவிப்பதா? அவருக்கு முன்னால் புன்சிரிப்போடு நிற்கும் உற்சவரைச் சேவிப்பதா? இரண்டையும் பார்த்து முடிப்பதற்குள், ‘நகருங்கோ, நகருங்கோ’ என்று குரல் வந்துவிடும்!

அந்த உற்சவருக்கு அழகிய மணவாளன் என்று திருநாமம். ஆனால், ஊர் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘நம்பெருமாள்’ என்றுதான் சொல்லும். நம்முடைய பெருமாள்! எவ்வளவு உரிமையான பெயர், பாருங்கள். 

இந்தப் பெயரை வைத்தது யார்? வேதம் படித்த பண்டிதரா? கோபுரம் கட்டிய ராஜாவா? இரண்டு பேரும் இல்லை. துணி வெளுக்கிற ஒரு கிழவர். அதுவும், இரண்டு கண்ணும் தெரியாதவர்!

அந்தக் கிழவரை நாம் சேவிக்க வேண்டுமென்றால், முதலில் 48 வருஷத்துக் கதை ஒன்றைக் கேட்க வேண்டும். பெரியவர்களின் கதை என்றுதான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். இன்றைக்கு நாம் குழந்தைகளின் கதையாகக் கேட்போம்.

ஏன் தெரியுமா? உபன்யாசம் முடிந்து இறங்கும்போது தாய்மார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஸ்வாமி, குழந்தைகள் கோயிலுக்கே வரமாட்டேன் என்கிறார்கள். நமக்குப் பிறகு வீட்டில் விளக்கேற்றுவார்களா என்றே தெரியவில்லையே...” என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று கோயில் திறந்திருக்கிறது. குழந்தை போக மாட்டேன் என்கிறது. அன்று குழந்தைகள் இருந்தார்கள்; போவதற்குக் கோயில்தான் இல்லை. அந்தக் குழந்தைகளிடம் பக்தி எப்படிப் பிழைத்தது? அதைத் தெரிந்துகொண்டால், நம் கவலைக்கும் மருந்து கிடைக்கும்.

திரை போட்ட சந்நிதி

1311-ஆம் ஆண்டிலேயே டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் தெற்கே படையெடுத்து வந்து போனான். அந்தக் காயம் ஆறுவதற்குள், 1323-ல் அடுத்த படை வந்தது. உலுக்கான் என்ற இளவரசனின் படை. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவன் அவன்தான்.

ஸ்ரீரங்கத்தில் அப்போது உற்சவ சமயம். நம்பெருமாள் கொள்ளிடக்கரையில் எழுந்தருளியிருந்தார் என்கிறது, கோயிலின் பழைய வரலாறான ‘கோயிலொழுகு’. ஊரே அங்கே கூடியிருக்கிறது. குஞ்சும் குளுவானுமாகக் குழந்தைகள். படை நெருங்கிவிட்டது என்று செய்தி வருகிறது.

என்ன செய்வார்கள், பாவம்? இருந்த சில நாழிகையில் இரண்டு காரியம் நடந்தது. பெரிய பெருமாள் சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். நம்பெருமாளைச் சின்னப் பல்லக்கில் ஏளப்பண்ணி, சந்தடியில்லாமல் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர், பிள்ளை லோகாசார்யர். நூறு வயதைக் கடந்தவர் என்று குருபரம்பரை சொல்கிறது. நடப்பதே பாடு. அவர் பெருமாளோடு நடந்தார்!

கரையில் இருந்த ஜனங்களுக்குப் பெருமாள் கிளம்பியது தெரியாது. தெரிந்தால் எல்லோரும் பின்னாலேயே போவார்கள். படை மோப்பம் பிடித்துவிடும். அதனால் திரையைப் போட்டு, உள்ளே திருவாராதனம் நடப்பதுபோலவே வைத்திருந்தார்களாம். ஜனங்கள் திரை விலகும் என்று காத்திருந்தார்கள். திரை விலகவில்லை. படைதான் வந்தது.

அன்று ‘பன்னீராயிரம் பேர் முடி திருத்தினார்கள்’ என்று கோயில் மரபு அந்தப் பயங்கரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. 12,000 தலைகள் விழுந்தன என்று அர்த்தம். எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். ஆனால் அத்தனை வீட்டிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள், இல்லையா?

வெள்ளையம்மாள் என்ற தேவதாசியின் கதையை ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். படைத்தலைவனைப் பேச்சில் மயக்கிக் கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்து உயிரை விட்டாளாம். அவள் நினைவாகத்தான் அது வெள்ளைக் கோபுரம் என்பது ஊர் வழக்கு. அடுத்த தடவை போனால் அந்தக் கோபுரத்தடியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

இரண்டு குழந்தைகளும் ஒரு சுவடிக் கட்டும்

அந்த ஊரில் சுதர்சன பட்டர் என்று ஒரு மகான். ஸ்ரீராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு ‘ச்ருதப்ரகாசிகா’ என்ற பெரிய உரையை எழுதியவர். வயதாகிவிட்டது. ஓட முடியாது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அவர் ஸ்வாமி தேசிகனைக் கூப்பிட்டார். தேசிகன் 1268-ல் பிறந்தவர். அப்போது வயது 55. சுதர்சன பட்டர் தம்மிடம் இருந்த இரண்டு செல்வங்களை அவரிடம் ஒப்படைத்தார். ஒன்று, உரை எழுதிய ஓலைச்சுவடி. இன்னொன்று, தம் இரண்டு பிள்ளைகள்.

நகை இல்லை, நிலப் பத்திரம் இல்லை. ஊரே எரியும்போது ஒரு தகப்பனார் காப்பாற்ற நினைத்தது இந்த இரண்டைத்தான். சுவடி மட்டும் பிழைத்தால் போதுமா? படிக்க ஆள் வேண்டும். குழந்தைகள் மட்டும் பிழைத்தால் போதுமா? அவர்கள் படிப்பதற்கு ஏதாவது வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நாளைக்கு ஒரு விளக்கு எரியும்.

அன்று இரவு தேசிகன் சுவடிக் கட்டையும் குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு, விழுந்துகிடந்த உடல்களுக்கு நடுவே தாமும் ஓர் உடல்போலக் கிடந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு விநாடி அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கி... அழக்கூடாது என்று சொன்னதற்காக அழாமல் இருந்த குழந்தைகள்!

விடிந்ததும் நடந்தார்கள். மைசூர்ப் பக்கம், கொள்ளேகால் அருகே சத்தியாகாலம் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் அந்த ஊர் இருக்கிறது. அங்கே ஓடுவதும் காவிரிதான். தேசிகன் காலையில் நீராடும் அதே தண்ணீர்தான் இறங்கி இறங்கி ஓடி, கடைசியில் அரங்கனின் காலடியைத் தொடும். பெருமாளைவிட்டுப் பிரிந்து இருந்தவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எவ்வளவு ஏக்கமாகவும் இருந்திருக்கும்! அங்கிருந்துதான் ‘அபீதிஸ்தவம்’ பாடினார். அபீதி என்றால் பயமின்மை. ரங்கநாதா, உன் ஊருக்குப் பயம் நீங்க வேண்டும் என்ற பிரார்த்தனை அது.

அந்தக் குழந்தைகள் அங்கே பயத்தில் வளரவில்லை. பயம் போக வேண்டும் என்ற பிரார்த்தனையின் சத்தத்தில் வளர்ந்தார்கள். இரண்டுக்கும் எத்தனை வித்தியாசம்!

நாற்பத்தெட்டு வருஷம் என்றால்...

நம்பெருமாள் எங்கெங்கோ போனார். மதுரை ஆனைமலை அருகே, இப்போது கொடிக்குளம் என்று சொல்லும் ஜோதிஷ்குடியில் மறைந்திருந்தார். பிள்ளை லோகாசார்யர் அங்கேயே பரமபதித்தார். அழகர்மலை, கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை என்று சுற்றி, திருமலைக்குப் போனார். திருப்பதி கோயிலுக்குள் நுழைந்ததும் ரங்கநாயகுல மண்டபம் என்று ஒன்று பார்க்கிறோமே... அங்கேதான் நம்பெருமாள் தங்கியிருந்தார் என்பது ஐதீகம். திருவேங்கடமுடையான் வீட்டில் திருவரங்கத்தான் விருந்தாளி!

அவர் ஸ்ரீரங்கம் திரும்பியது, 1371-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 48 வருஷம். 1323-ல் பிறந்த பெண்குழந்தை பெருமாளைச் சேவிக்காமலே வளர்ந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டாள்.

நடுவில் நாட்டின் நிலைமையும் நன்றாக இல்லை. மதுரையில் தனி சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. அவர்களில் கியாசுதீன் என்ற சுல்தான், பிடிபட்டவர்களையும் அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் நடத்திய கொடுமையை, அவனுடைய உறவினரும் முஸ்லிம் யாத்ரீகருமான இபின் பதூதாவே பார்த்து, மனம் வெறுத்து எழுதிவைத்திருக்கிறார். தவிர, கொள்ளை நோயும் வந்தது. எல்லா ஜனங்களையும்தான் வாரிக்கொண்டு போனது.

பின்னால் மதுரையை வென்ற விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி, ‘மதுரா விஜயம்’ என்று ஒரு சம்ஸ்கிருத காவியமே எழுதியிருக்கிறார். பாழடைந்த கோயில்களைப் பற்றியும், அரங்கன் பள்ளிகொண்ட கோயிலின் நிலையைப் பற்றியும் ஒரு பெண்ணின் மனசோடு அவர் எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அந்தச் சுவடி 1916-ல் திருவனந்தபுரத்தில்தான் கிடைத்தது. அதுவரை எங்கோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட காலத்தில், திருவரங்கத்தில் மிச்சமிருந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தை கேட்கும்: “அம்மா, பெருமாள் எங்கே?” அம்மா என்ன பதில் சொல்வாள்? ‘ஊருக்குப் போயிருக்கார்டா, வந்துடுவார்’ என்பாள். எப்போது என்று கேட்டால்? அவளுக்கே தெரியாது. அந்தக் குழந்தை வளர்ந்து, தன் குழந்தைக்கும் அதே பதிலைச் சொல்லியிருக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. காத்திருந்தவர்கள் எல்லோரும் பெருமாளைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. எத்தனையோ பேர் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். கதையின் முடிவு மங்களம்தான். அதற்காக நடுவில் போனவர்களின் ஏக்கம் இல்லையென்று ஆகிவிடாது. அவர்களுக்குப் பெருமாள் கிடைக்கவில்லை. ஆனால் பெருமாள் வந்தபோது ‘வாங்கோ’ என்று சொல்ல ஓர் ஊர் இருந்தது என்றால், அது பார்க்காமல் போன அந்தத் தாய்மார்கள் போட்ட பிச்சை.

வழி மாறிய பிள்ளை

சரி, எல்லாக் குழந்தைகளும் பக்தியோடுதான் வளர்ந்தார்களா? அதுதான் இல்லை! நம் வீட்டுக் குழந்தைகள் மாதிரிதான் அவர்களும். இங்கேதான் திருமலையாழ்வார் கதை வருகிறது.

மதுரைக்குப் பக்கத்தில் கொந்தகை என்று ஊர். அங்கே பிறந்த பிள்ளை. சின்ன வயதிலேயே பிள்ளை லோகாசார்யரிடம் பஞ்ச சம்ஸ்காரம் ஆகிவிட்டது. தோளில் சங்கு, சக்கரம் பதிந்துவிட்டது. ஆனால் அப்புறம்தான் நாடே தலைகீழாகிவிட்டதே! ஆசார்யர் இல்லை, காலக்ஷேபம் இல்லை, கோயில் இல்லை. பிள்ளை என்ன செய்யும்? கெட்டிக்காரன். தமிழ் நன்றாக வரும். ராஜாங்க காரியத்தில் சேர்ந்து, பாண்டிய அரசில் பெரிய மந்திரியாகிவிட்டார். பல்லக்கு, பரிவாரம் என்று வாழ்க்கை போனது. தோளில் இருந்த சங்கும் சக்கரமும் அங்கேயேதான் இருந்தன. நினைவில்தான் இல்லை.

பிள்ளை லோகாசார்யர் ஜோதிஷ்குடியில் கடைசி மூச்சு விடும்போதும் இந்தப் பிள்ளையை மறக்கவில்லை. கூரகுலோத்தம தாசர் என்ற சிஷ்யரிடம், அவரைத் தேடிப்பிடித்து நம் சம்பிரதாயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாசர் போனார். மந்திரி பல்லக்கில் வரும் வீதியில், எதிரே நின்று நம்மாழ்வாரின் திருவிருத்தத்தைச் சொன்னார். தமிழ் ரசிகர் அல்லவா? மந்திரிக்குக் காதில் தேன் பாய்ந்தது. இதற்கு அர்த்தம் சொல்லும் என்று பல்லக்கில் இருந்தபடியே கேட்டார். தாசர் என்ன செய்தார் தெரியுமா? காறி உமிழ்ந்துவிட்டார்! மந்திரியின் மேலேயே!

சேவகர்கள் பாய்ந்தார்கள். மந்திரி தடுத்துவிட்டார். மனசு என்னவோ செய்தது. வீட்டுக்குப் போய், சிற்றன்னையிடம் நடந்ததைச் சொன்னார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள், தாய்மார்களே! அந்தச் சிற்றன்னை மட்டும், ‘உன்மேல் துப்பினானா? அவன் தலையை எடு’ என்று சொல்லியிருந்தால்? கதை அன்றே முடிந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. நீ யார், உனக்கு ஆசார்யர் யார், சின்ன வயதில் உன் தோளில் என்ன பதிந்தது என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லி, பிள்ளை மறந்துபோன உறவை ஞாபகப்படுத்தினாள்.

அவ்வளவுதான். பிள்ளை திரும்பிவிட்டது. தாசரை அடுத்த தடவை கண்டபோது யானைமேல் போய்க்கொண்டிருந்தவர், இறங்கி அவர் காலில் விழுந்தார்.

அந்தச் சிற்றன்னையின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் சாஸ்திரம் சொல்லித் தரவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, தினமும் நச்சரித்ததாகவும் கதையில் இல்லை. பிள்ளை கேட்ட அந்த ஒரு நாளில், சொல்வதற்கு அவளிடம் விஷயம் இருந்தது. அவ்வளவே! வருஷக்கணக்காக அந்த ஞாபகத்தைத் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தாள்.

திருமலையாழ்வார் பிறகு மந்திரி பதவியை விட்டார். கலகத்தில் சிதறிப் போனவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனார். திருவனந்தபுரத்தில் விளாஞ்சோலைப் பிள்ளையிடம் கொஞ்சம், நாலூர்ப் பிள்ளையின் வழியில் கொஞ்சம் என்று, உடைந்த மாலையிலிருந்து முத்து பொறுக்குவது மாதிரிப் பொறுக்கிச் சேர்த்தார். ஆழ்வார்திருநகரியிலும் கலகத்தில் ஊர் பாழாகி, நம்மாழ்வாரே வெளியூர் போயிருந்தார். அங்கே மண்டியிருந்த காட்டை வெட்டிச் சீர்செய்து, ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளப் பண்ணியவரும் இவர்தான். திருவாய்மொழியில் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் ‘திருவாய்மொழிப் பிள்ளை’ என்றே அவருக்குப் பெயர் வந்தது.

அவரிடம் வந்து சேர்ந்த சிஷ்யர், மணவாள மாமுனிகள். அவர் பிறந்தது 1370-ல். நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியபோது அவர் ஒரு வயதுக் குழந்தை!

ஈரத்துணி சொன்ன சாட்சி

இப்போது நம் கிழவரிடம் வருவோம்.

விஜயநகரப் படை வந்தது. செஞ்சியில் இருந்த கோபணார்யர் என்ற தலைவர், திருமலையிலிருந்து நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணி, செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் வைத்துப் பூஜித்து, 1371-ல் உபயநாச்சிமாரோடு திருவரங்கத்தில் சேர்ப்பித்தார். அதைச் சொல்லும் இரண்டு ஸ்லோகங்கள் இன்றும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கின்றன.

ஊரெல்லாம் கூடிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல்! இடைக்காலத்தில் வேறொரு உற்சவ மூர்த்தியை வைத்து ஆராதனை நடந்துவந்தது. இப்போது வந்திருப்பவர்தான் பழைய பெருமாள் என்று யார் சொல்வது? 48 வருஷம் ஆகிவிட்டதே! பார்த்த கண்கள் எல்லாம் மூடிப்போயின. இருப்பவர்கள் எல்லோரும் பெருமாள் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள்.

அப்போதுதான் அந்தக் கிழவரைப் பற்றி யாரோ சொன்னார்கள். பெருமாளின் திருமஞ்சன வஸ்திரங்களை வெளுக்கும் கைங்கர்யம் அவர் குடும்பத்துக்கு. ஈரங்கொல்லி என்று கோயில் மரபு சொல்லும். கலகத்துக்கு முன் வாலிப வயதில் அந்தக் கைங்கர்யம் செய்தவர். இப்போது தள்ளாத வயது. கண்ணும் போய்விட்டது.

‘கண் தெரியாதவர் எப்படிப் பெருமாளை அடையாளம் சொல்வார்?’ என்று கேட்பீர்கள். கிழவர் கண்ணை நம்பவில்லை. இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்யச் சொன்னார். அந்த ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுக்கச் சொன்னார். ஒன்றை வாயில் விட்டார், பேசவில்லை. மற்றொன்றை வாயில் விட்டார். அந்தக் கஸ்தூரி மணம்... நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தினமும் கையில் பிழிந்த அந்த மணம்! “இவரே நம்பெருமாள்!” என்று கூவிவிட்டார்.

அந்தக் குரல்தான் அன்று முதல் பெருமாளுக்குத் திருநாமமாகிவிட்டது. மற்ற மூர்த்தியையும் விட்டுவிடவில்லை. ‘திருவரங்க மாளிகையார்’ என்ற பெயரோடு அவரும் கோயிலிலேயே எழுந்தருளியிருக்கிறார். கஷ்ட காலத்தில் கூட இருந்தவரை நல்ல காலத்தில் வெளியே அனுப்புவோமா?

அதே ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கும் ஒரு சந்நிதி உண்டு. பெருமாள்மேல் காதல்கொண்ட சுல்தானின் மகள் என்பது ஐதீகம். அவளுக்காக ரொட்டி நைவேத்தியமாகிறது. யாரால் அடிபட்டதோ, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இடம் வைத்த கோயில் அது! பழைய கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்றோ ஒரு ராஜா செய்ததற்காக இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கோபிக்க அரங்கன் சொல்லித் தரவில்லை.

குழந்தையின் கையில் என்ன இருக்கிறது?

இந்தக் கிழவர் பாசுரம் படித்தவரா? தெரியாது. சந்நிதிக்குள் நின்று சேவித்தாரா என்பதும் தெரியாது. ஆனால் கை தெரிந்து வைத்திருந்தது. மூக்கு தெரிந்து வைத்திருந்தது. நாக்கு தெரிந்து வைத்திருந்தது. இள வயதில் உடம்பில் ஊறியது 48 வருஷம் கழித்தும், கண் போன பிறகும், அழியவில்லை!

உங்கள் கவலைக்கு மருந்து இதுதான். ‘கோயிலுக்கு வா, வா’ என்று குழந்தையைத் தர்க்கத்தால் இழுக்காதீர்கள். அது பத்துக் கேள்வி கேட்கும். கேட்கட்டும்! அதற்குப் பதிலாக, அதன் கையில் ஒரு சின்னக் கைங்கர்யத்தைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கட்டும். துளசியைக் கிள்ளித் தட்டில் வைக்கட்டும். பச்சைக் கற்பூரம் போட்ட தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கட்டும். மார்கழிக் காலையில் வெண்பொங்கலின் நெய் வாசனை மூக்கில் ஏறட்டும். நாளைக்கு அந்தக் குழந்தை அமெரிக்காவில் இருக்கலாம். ஆபீஸ் ஆபீஸ் என்று எல்லாவற்றையும் மறந்தும் போகலாம். திருமலையாழ்வாரே மறந்தவர்தானே! ஆனால் என்றோ ஒரு நாள் அந்த வாசனை எதிர்ப்படும். அப்போது உள்ளே ஏதோ ஒன்று திரும்பிப் பார்க்கும்.

அந்த நாளில் போன் பண்ணி, “அம்மா, நம் வீட்டில் அன்று என்ன செய்வோம்?” என்று கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் விஷயம் இருக்க வேண்டும். ‘இப்போதுதான் ஞாபகம் வந்ததா?’ என்று இடித்துக் காட்டாமல் சொல்ல வேண்டும். அந்தச் சிற்றன்னை சொன்னாளே, அப்படி!

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1430-களில் மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஒரு வருஷ காலம் திருவாய்மொழிக்கு ஈடு வியாக்யானம் சொன்னார். அதற்காகப் பெருமாள் தமது உற்சவங்களையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டாராம். சாற்றுமுறை நாளன்று, ஐந்து வயதுப் பையன் ஒருவன் கூட்டத்துக்குள் ஓடிவந்தான். கைகூப்பி ஒரு தனியனைச் சொன்னான். சொல்லிவிட்டுக் கருவறைப் பக்கம் ஓடிப்போனான். வந்தது அரங்கனே என்று நம் பூர்வர்கள் கொண்டாடுகிறார்கள்.

அந்தத் தனியன் ‘ஸ்ரீசைலேச’ என்று தொடங்கும். இன்றும் தென்கலை சந்நிதிகளில் தினமும் சேவிக்கிறார்கள். ஸ்ரீசைலேசர் யார் தெரியுமா? திருமலையாழ்வார்தான்! வழி மாறிப் போன அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் பெருமாள் குழந்தையாக வந்து, முதல் வார்த்தையாகச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே போயிருந்தாலும், அவன் பெயர் அரங்கனுக்கு மறக்காது. இன்று மாலை விளக்கேற்றும்போது குழந்தையின் கையில் திரியைக் கொடுங்கள். மிச்சத்தை நம்பெருமாள் பார்த்துக்கொள்வார்.